பரம்பரையும் உறக்கமும்: நீரிழிவு பற்றிய மருத்துவச் சிந்தனை - ஒரு வரலாற்று நோக்கு

நாற்பது வயதைக் கடந்த ஒருவர் தமது இரத்தப் பரிசோதனை அறிக்கையைக் கையில் எடுத்ததும் முதலில் நினைவுகூர்வது தம் பெற்றோரைத்தான். "வாப்பாவுக்கும் சீனி வருத்தம், உம்மாவுக்கும் சீனி வருத்தம், எனக்கு மட்டும் வராமல் போகுமா?" என்ற பேச்சை நம் வீடுகளில் அடிக்கடி கேட்கின்றோம். சொல்பவரின் குரலில் கவலையை விட ஒருவகை இணக்கமே மேலோங்கி நிற்கும். வரவேண்டியது வந்துவிட்டது, இனிச் செய்வதற்கு என்ன உண்டு என்ற இணக்கம் அது.

இக்கூற்றில் உண்மை உண்டு. ஆயினும் அது பாதி உண்மையே. அந்தப் பாதி உண்மை மருத்துவ உலகிலேயே ஒரு காலத்தில் முழு உண்மை போன்று எவ்வாறு நிலைபெற்றது, பின்னர் எவ்வாறு தளர்ந்தது என்பதை இக்கட்டுரையில் நோக்க விழைகின்றோம். அவ்வாறு நோக்கும்போது, பண்டைய வைத்தியர்கள் தம் கணக்கில் வைத்திருந்ததும் நவீன வைத்தியம் நெடுங்காலம் மறந்திருந்ததுமான ஒரு காரணி நம் கவனத்தை ஈர்க்கின்றது. உறக்கமே அக்காரணியாகும்.

இவ்விரு காரணிகளும் வைத்திய நூல்களில் தோன்றுவது மிகப் பழைய காலத்திலேயாகும். சுஷ்ருதரின் சம்ஹிதை 'பிரமேகம்' என்ற நோய்த் தொகுதியை இரண்டாகப் பிரிக்கின்றது. பெற்றோரின் வித்திலுள்ள குறையினால் பிறப்போடு வருவது ஒன்று; ஒவ்வாத உணவினாலும் நடத்தையினாலும் வருவது மற்றொன்று. முன்னதன் நோயாளி மெலிந்தவர், பின்னதன் நோயாளி பருத்தவர் என்றும் அந்நூல் கூறும். சரகரின் சம்ஹிதையோ பிரமேகத்தின் காரணங்களை அடுக்கும்போது, உட்கார்ந்தே இருக்கும் சுகத்தையும் உறங்கிக் கிடக்கும் சுகத்தையும் தயிர் முதலான உணவுகளோடு சேர்த்தே எண்ணுகின்றது. இங்கு குற்றம் சாட்டப்படுவது உறக்கக் குறைவன்று, உறக்க மிகுதி என்பதை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். இந்த விடயத்துக்கு நாம் மீண்டும் வருவோம்.

அப்பாஸியர் காலப் பக்தாதில் பர்மகீக்களின் ஆதரவுடன் இந்திய மருத்துவ நூல்கள் அரபு மொழிக்குச் சென்றன. கி.பி. 850இல் அலீ இப்னு ரப்பன் அத்தபரீ நிறைவு செய்த 'ஃபிர்தவ்ஸுல் ஹிக்மா' என்ற மருத்துவக் களஞ்சியத்தின் இறுதிப் பகுதி இந்திய வைத்தியத்துக்கென்றே ஒதுக்கப்பட்டுள்ளது. எனினும் அரபு மருத்துவத்தின் அடிப்படைச் சட்டகம் கிரேக்கத்திலிருந்து, குறிப்பாக ஜாலினூஸிடமிருந்து வந்ததாகும். அச்சட்டகத்தை ஒழுங்குபடுத்திய ஹுனைன் இப்னு இஸ்ஹாக் முதலானோரின் வழியாக வளர்ந்த ஒரு கோட்பாடு இங்கு நமக்கு முக்கியமானது. மனித உடலின் நலத்தையும் நோயையும் தீர்மானிக்கும் தவிர்க்க முடியாத காரணங்கள் ஆறு என்பதே அது. காற்று, உணவும் பானமும், உடலின் அசைவும் ஓய்வும், உள்ளத்தின் அசைவும் அமைதியும், உறக்கமும் விழிப்பும், உடல் கழிப்பதும் தேக்கி வைப்பதும் ஆகியவையே அவ்வாறு. இப்னு ஸீனா தமது 'அல்கானூன்' நூலின் முதற் பாகத்தில் இவற்றை விரிவாக ஆராய்கின்றார். பதினோராம் நூற்றாண்டில் பக்தாதைச் சேர்ந்த கிறிஸ்தவ வைத்தியர் இப்னு புத்லான் இவ்வாறையும் அடிப்படையாகக் கொண்டு 'தக்வீமுஸ் ஸிஹ்ஹா' என்ற நூலை அட்டவணை வடிவிலேயே எழுதினார். ஐரோப்பியர் அதனை இலத்தீனில் பெயர்த்து, வண்ண ஓவியங்கள் தீட்டிப் பாதுகாத்தனர்.

இவ்வரிசையில் உறக்கம் உணவுக்கு நிகரான ஒரு காரணமாகவே இடம்பெறுகின்றது. உறங்கும்போது உடலின் இயல்பான வெப்பம் உள்நோக்கித் திரும்பி உணவைச் செரிக்கச் செய்கின்றது என்பது அவர்களின் விளக்கம். மிகுந்த விழிப்பு உலர்த்தும், மிகுந்த உறக்கம் ஈரப்படுத்தித் தளர்த்தும், பகலுறக்கம் பல கேடுகளை விளைவிக்கும் என்றெல்லாம் இப்னு ஸீனா எழுதுகின்றார். வெப்பம், ஈரம் என்ற அந்த மொழி இன்று வழக்கிழந்துவிட்டது. ஆனால் உண்ட உணவை உடல் கையாளும் விதத்துக்கும் உறக்கத்துக்கும் தொடர்புண்டு என்ற எண்ணம் அம்மொழியின் உள்ளே இருந்தது.

நீரிழிவு என்ற குறிப்பிட்ட நோயைப் பற்றி அவர்கள் அறிந்திருந்தது என்ன? தம் வாழ்நாளில் இந்நோயை இரு முறை மட்டுமே கண்டதாக ஜாலினூஸ் எழுதியிருந்தார். இப்னு ஸீனா இதனைச் சிறுநீர் சார்ந்த நோய்களின் பகுதியில் வைக்கின்றார். குடித்த நீர் குடித்தவாறே வெளியேறுவதால், நீர் இறைக்கும் சுழல் சக்கரத்தைக் குறிக்கும் 'தூலாப்' என்ற சொல்லும் இந்நோய்க்குரிய அரபுப் பெயர்களுள் ஒன்றாக அவரது நூலில் காணப்படுகின்றது. ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் கெய்ரோவில் வைத்தியம் செய்த யூத அறிஞர் மூஸா இப்னு மைமூனின் குறிப்போ வேறு வகையில் சிறப்புடையது. தாம் முன்னர் வாழ்ந்த மேற்குத் திசை நாடுகளில் தாமோ தம் ஆசிரியர்களோ இந்நோயைக் கண்டதில்லை என்றும், எகிப்தில் ஏறத்தாழப் பத்து ஆண்டுகளுக்குள் இருபதுக்கும் மேற்பட்டோரிடம் கண்டதாகவும் அவர் எழுதுகின்றார். நாட்டின் வெப்பமும் நைல் நீரின் இனிமையும் காரணமாக இருக்கலாம் என்பது அவரது ஊகம். ஊகம் பிழையானது, ஆனால் அவர் எழுப்பிய கேள்வி சரியானது. ஒரே நோய் ஓரிடத்தில் அரிதாகவும் மற்றோரிடத்தில் மிகுதியாகவும் இருப்பது ஏன் என்ற அக்கேள்வியை இருபதாம் நூற்றாண்டின் ஆய்வாளர்களும் வேறு வார்த்தைகளில் கேட்கவேண்டியிருந்தது.

மூஸா இப்னு மைமூனை நேரிற் சந்திக்கக் கெய்ரோவுக்கு வந்தவர்களுள் அப்துல் லதீஃப் அல்பக்தாதீயும் (1162-1231) ஒருவர். நீரிழிவு என்ற ஒரே நோயைப் பற்றித் தனி நூல் எழுதியவர் அவர். அந்நூல் 1971இல் ஜெர்மனியில் ஆய்வுரையுடன் வெளியிடப்பட்டது. ஆனால் அவரது பெயர் நிலைத்து நிற்பது வேறொரு காரியத்தினாலாகும். ஹிஜ்ரி 597இல், அதாவது கி.பி. 1200-1201இல், நைல் நதி போதிய அளவு பெருகாமல் எகிப்தைக் கொடும் பஞ்சம் தாக்கியது. மாண்டோரின் எலும்புகள் குவியலாகக் கிடந்த இடத்துக்கு அவர் சென்று, மனிதக் கீழ்த்தாடை எலும்புகளை ஆயிரக்கணக்கில் கையிலெடுத்துப் பார்த்தார். கீழ்த்தாடை இரண்டு எலும்புகளால் ஆனது என்று ஜாலினூஸ் கூறியிருந்தார்; அது ஒரே எலும்பு என்பதை அப்துல் லதீஃப் கண்டார். நூலின் சொல்லை விடப் புலன்களின் சாட்சியம் நம்பத் தகுந்தது என்ற முடிவுக்கும் வந்தார்.

இவரது முன்மாதிரியை நாம் இங்கு எடுத்துக் காட்டுவதற்குக் காரணம் உண்டு. நவீன விஞ்ஞானம் கண்டவை அனைத்தும் நம் முன்னோரின் நூல்களில் ஏற்கனவே இருந்தன என்று நிறுவ முற்படும் எழுத்துகள் நம் மத்தியில் பெருகிவிட்டன. உறக்கக் குறைவு நீரிழிவை உண்டாக்கும் என்று இப்னு ஸீனா எங்கும் கூறியதாக நாம் அறியோம். அவ்வாறு கூறுவதற்கான அளவைக் கருவியும் அவரிடம் இருக்கவில்லை. முன்னோர்கள் எதை எதையெல்லாம் எண்ண வேண்டும் என்று ஒரு பட்டியலை வகுத்துத் தந்தனர் என்பதே சரியான கூற்றாகும். அப்பட்டியல் பெரியது, அதனைச் சுருக்கியது பிற்காலம்.

சுருங்கிய விதத்தைச் சில வரிகளில் சொல்லிவிடலாம். 1776இல் மத்தேயு டொப்சன் என்ற ஆங்கில வைத்தியர் நீரிழிவு நோயாளியின் சிறுநீரில் மட்டுமன்றி இரத்தத்திலும் இனிப்பு இருப்பதைக் காட்டினார். 1889இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் மின்கோவ்ஸ்கியும் ஃபொன் மேரிங்கும் நாயின் கணையத்தை அகற்றி நீரிழிவை உண்டாக்கினர். 1921இல் டொரொன்டோவில் இன்சுலின் பிரித்தெடுக்கப்பட்டது. 1936இல் ஹிம்ஸ்வர்த், இன்சுலினுக்கு நன்கு செவிசாய்க்கும் நோயாளிகளும் செவிசாய்க்காத நோயாளிகளும் என இரு வகையினர் உள்ளனர் என்று காட்டினார். நடுவயதில் தோன்றும் இரண்டாம் வகை நீரிழிவு அப்போதுதான் தெளிவான உருவம் பெறத் தொடங்கியது. இவ்வொவ்வொன்றும் மாபெரும் சாதனை. ஆனால் நோய் ஒரு சுரப்பிக்கும் ஒரு திரவத்துக்கும் உரியதாக மாறியபோது, பழைய ஆறு காரணங்களில் உணவும் உடலசைவும் மட்டுமே மருத்துவரின் அறையில் எஞ்சின. உறக்கம் மூளைக்கு உரிய விடயமாகி, வேறொரு துறைக்குச் சென்றுவிட்டது.

அதே காலப்பகுதியில் பரம்பரைக் கோட்பாடு வலுப்பெற்றது. இதற்குப் பெரும் ஆதாரமாக அமைந்தது இலண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையைச் சேர்ந்தோர் 1981இல் வெளியிட்ட இரட்டையர் ஆய்வாகும். ஒரே கருவிலிருந்து பிரிந்த 200 இரட்டையர் சோடிகளை அவர்கள் ஆராய்ந்தனர். அவற்றுள் 53 சோடிகளில் நடுவயது வகை நீரிழிவு காணப்பட்டது. அந்த 53இல் 48 சோடிகளில் இருவருக்குமே நோய் இருந்தது. நூற்றுக்குத் தொண்ணூறு! இவ்வெண்ணைக் கண்டவர்கள் நடுவயது நீரிழிவு ஏறத்தாழ முழுமையாகப் பரம்பரையின் ஆட்சிக்குட்பட்டது என்று முடிவு செய்தமை வியப்பன்று. "வாப்பாவுக்கு இருந்தது" என்ற பேச்சுக்கு இதைவிட உறுதியான ஆதரவு கிடைக்க முடியாது.

ஆனால் இவ்விரட்டையர்கள் ஆய்வாளரை வந்தடைந்த வழியை நாம் நோக்க வேண்டும். அவர்கள் பெரும்பாலும் வைத்தியர்களால் அனுப்பப்பட்டவர்கள். இரட்டையரில் ஒருவருக்கு மட்டும் நோய் இருப்பின் அது எவர் கண்ணிலும் படாமல் போகலாம். இருவருக்கும் இருப்பின் வைத்தியர் வியந்து உடனே ஆய்வாளருக்கு எழுதுவார். ஃபின்லாந்தில் வைத்தியரின் பரிந்துரையை நம்பாமல் நாடு முழுவதற்குமான இரட்டையர் பதிவேட்டைக் கொண்டு ஆராய்ந்து 1992இல் வெளியிட்டபோது கிடைத்த எண் மிகவும் வேறுபட்டிருந்தது. ஒரே கருவின் இரட்டையரிடையே ஒத்த நிலை 34 வீதம்; இரு கருக்களின் இரட்டையரிடையே 16 வீதம். பதிவேடுகள் நோயாளர் அனைவரையும் பிடித்துவிடுவதில்லை என்பதால் இந்த எண்ணும் இறுதியானதன்று. பிற்கால ஆய்வுகள் இவ்விரண்டுக்கும் இடையில் பல எண்களைத் தந்துள்ளன. பரம்பரைக்குப் பங்குண்டு என்பதை ஃபின்லாந்து ஆய்வும் மறுக்கவில்லை; முழு ஆட்சி என்பதையே அது மறுத்தது.

பரம்பரை தனித்து இயங்குவதில்லை என்பதை ஜேம்ஸ் நீல் என்ற அமெரிக்க மரபியலாளர் 1962இலேயே வேறொரு கோணத்தில் கூறியிருந்தார். பஞ்சக் காலத்தில் உயிரைக் காத்த சிக்கனமான உடலமைப்பே, உணவு பெருகிய காலத்தில் நோய்க்கு வித்தாகின்றது என்பது அவரது கருதுகோள். அரிசோனாவின் ஹிலா ஆற்றங்கரையில் வாழும் பீமா இந்தியர்கள் இதற்கு எடுத்துக்காட்டாகப் பலகாலம் பேசப்பட்டனர். அவர்களின் இரத்த உறவினர் எல்லைக்கு அப்பால் மெக்சிகோவின் மலைக் கிராமமொன்றில் உழைத்து வாழ்கின்றனர். 2006இல் வெளியான ஒப்பீட்டின்படி, அமெரிக்கப் பகுதியில் 38 வீதமானோருக்கு நீரிழிவு. மெக்சிகோப் பகுதியில் 6.9 வீதமானோருக்கு மட்டுமே. இரத்தம் ஒன்று, நிலம் வேறு. மூஸா இப்னு மைமூன் கெய்ரோவில் நின்று கேட்ட கேள்வி இங்கே எண்களோடு மீண்டும் எழுகின்றது.

பஞ்சத்தைப் பற்றிப் பேசும்போது 1944-45ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஹொலாந்தைப் பீடித்த பட்டினியைக் கூறாமல் விட முடியாது. ஜெர்மானியப் படைகள் உணவுப் போக்குவரத்தைத் தடுத்ததனால் ஆம்ஸ்டர்டாம் மக்களின் நாளாந்தப் பங்கீடு ஆயிரம் கலோரிக்கும் கீழே வீழ்ந்தது. அப்போது கருவிலிருந்தவர்கள் ஐம்பது வயதை அடைந்த வேளையில், அந்நகரில் பிறந்த 702 பேரை ஆய்வாளர்கள் அழைத்துச் சீனிப் பரிசோதனை செய்தனர். 1998இல் வெளியான முடிவின்படி, கருவில் பட்டினியை அனுபவித்தோரின் உடல் சீனியைக் கையாளும் திறன் குன்றியிருந்தது. இதுவும் பெற்றோரிடமிருந்து வந்ததே. ஆனால் இதனைப் பரம்பரை என்று கூற முடியுமா? தாயின் வயிறு பெற்ற வாழ்க்கை அனுபவம் ஐம்பது ஆண்டுகளின் பின்னர் பிள்ளையின் இரத்தத்தில் பேசுகின்றது என்பதே பொருத்தமான விளக்கம். எகிப்தின் பஞ்சத்தையும் நீரிழிவையும் ஒருங்கே எழுதிய அப்துல் லதீஃப், இவ்விரண்டுக்கும் இடையே இப்படியொரு தொடர்பு இருக்கக்கூடும் என்று நினைத்துப் பார்த்திருக்க இயலாது.

2006இல் ஐஸ்லாந்து ஆய்வாளர்கள் டீசிஎஃப்7எல்2 என்ற பரம்பரை அலகில் ஒரு மாற்றத்தைக் கண்டறிந்தனர். அதன் ஒரு பிரதி உடையோருக்கு நீரிழிவு ஆபத்து ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. இதன் பின்னர் கண்டுபிடிப்புகள் வெள்ளமாகப் பெருகின. 2024இல் வெளியான பெரும் தொகுப்பாய்வு மரபுத் தொகுதியில் 611 இடங்களைச் சுட்டியது. ஊழ் என்று ஒன்றே இருப்பதாக எண்ணியிருந்தோருக்கு அறுநூறு சிறிய சாய்வுகள் கிடைத்தன. இச்சாய்வுகளை மீற முடியுமா என்பதற்கும் விடை உண்டு. அமெரிக்காவில் நீரிழிவின் வாசலில் நின்ற 3,234 பேரைக் கொண்டு நடத்தப்பட்ட தடுப்பாய்வில், எடைக் குறைப்பும் வாரத்துக்கு 150 நிமிட உடலசைவும் நோய் தோன்றுவதை 58 வீதத்தால் குறைத்தன என 2002இல் அறிவிக்கப்பட்டது. அவர்களின் சராசரி வயது 51. பின்னர் அவர்களின் மரபு அலகுகளைப் பார்த்தபோது, மேற்கூறிய மாற்றத்தின் இரு பிரதிகளையும் சுமந்தோருக்கும் அத்திட்டம் பயனளித்திருந்தது. சென்னையில் 35 முதல் 55 வயது வரையான 531 பேரிடம் நடத்தப்பட்டு 2006இல் வெளியான ஆய்விலும் வாழ்க்கைமுறை மாற்றம் ஆபத்தை 28.5 வீதத்தால் குறைத்தது. அமெரிக்க எண்ணை விட இது குறைவு. ஆயினும் மருந்தின் பலனுக்கு ஈடானது. இப்பெரும் ஆய்வுகள் இரண்டிலும் மாற்றுவதற்கென எடுத்துக்கொள்ளப்பட்டவை உணவும் உடலசைவுமே. உறக்கம் திட்டத்தில் இல்லை.

உறக்கத்தை மீட்டெடுத்த ஆய்வு சிக்காகோ பல்கலைக்கழகத்தில் நடந்தது. கண்ணசைவு உறக்கத்தை 1953இல் உலகுக்கு அறிவித்ததும் அதே பல்கலைக்கழகமே. அங்கு ஈவ் வான் கோட்டரும் அவருடன் பணியாற்றிய ஸ்பீகல், லெப்ரூல் ஆகியோரும் ஆரோக்கியமான பதினொரு இளைஞர்களை ஆறு இரவுகள் நாளுக்கு நான்கு மணி நேரம் மட்டுமே படுக்கையில் இருக்கச் செய்தனர். பின்னர் சில இரவுகள் பன்னிரண்டு மணி நேரம் தாராளமாகப் படுக்கவிட்டனர். 1999இல் வெளியான முடிவு எளிமையானது: உறக்கம் குறைந்த நாள்களில், ஏற்றப்பட்ட குளுக்கோஸ் இரத்தத்திலிருந்து நீங்கும் வேகம் நாற்பது வீதத்தால் குறைந்திருந்தது. இருபது வயதினரின் உடல் ஆறே இரவுகளில் முதியவரின் உடல் போன்று நடந்துகொண்டது. மாலை வேளைகளில் கோர்ட்டிசோல் என்ற ஹோர்மோன் உயர்ந்திருந்தது; அனுதாப நரம்புகளின் இயக்கமும் கூடியிருந்தது. பதினொரு பேர் மிகச் சிறிய எண்ணிக்கைதான். ஆனால் பின்னர் நடந்த பல சோதனைகள் இதே திசையையே காட்டின.

இக்குழுவினரின் அடுத்த இரு ஆய்வுகள் நடுவயதைப் புரிந்துகொள்ள நமக்கு நேரடியாக உதவுகின்றன. 2000இல் அவர்கள் 16 முதல் 83 வயது வரையான 149 ஆண்களின் உறக்கத்தை ஆராய்ந்தனர். உறக்க நேரத்தில் ஆழ்ந்த உறக்கத்தின் பங்கு 16-25 வயதில் 18.9 வீதமாக இருந்து, 36-50 வயதில் 3.4 வீதமாகச் சுருங்கியிருந்தது. சரிவு முதுமையில் நிகழவில்லை. நாற்பதை அடையும் முன்னரே பெரும்பகுதி முடிந்துவிடுகின்றது. 2008இல் ஒன்பது இளம் வயதினரை உறங்கவைத்து, ஆழ்ந்த உறக்கத்தில் அவர்கள் இறங்கும்போதெல்லாம் விழிப்பு ஏற்படாத அளவுக்கு மெல்லொலி எழுப்பி அதனைக் கலைத்தனர். மொத்த உறக்க நேரம் குறையவில்லை. இருந்தும் மூன்றே இரவுகளில் இன்சுலினுக்கு உடல் செவிசாய்க்கும் திறன் ஏறத்தாழ 25 வீதத்தால் வீழ்ந்தது. "நான் ஏழு மணி நேரம் உறங்குகின்றேனே" என்று நடுவயதினர் கூறும்போது, அந்த ஏழு மணி நேரத்தின் தரம் யாது என்ற கேள்வி இதனால் எழுகின்றது. உரத்த குறட்டையோடு இரவில் பலமுறை மூச்சுத் தடைப்பட்டு விழிப்போரின் நிலை இதற்கு ஒப்பானதே. குறட்டையை நல்ல உறக்கத்தின் அடையாளமாகக் கருதும் வழக்கம் நம்மிடையே இன்னும் மாறவில்லை என்பது வருந்தத்தக்கது.

சரகரின் குறிப்புக்கு இப்போது மீளலாம். ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோரை உள்ளடக்கிய பத்து ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2010இல் வெளியான கணிப்பின்படி, குறைவாக உறங்குவோருக்கு நீரிழிவு ஆபத்து 28 வீதம் கூடுதல். மிகுதியாக உறங்குவோருக்கு 48 வீதம் கூடுதல். சரகர் வென்றுவிட்டார் என்று இதைக்கொண்டு முழங்குவதற்கில்லை. நீண்ட உறக்கம் பல வேளைகளில் நோயின் அல்லது தரம் கெட்ட உறக்கத்தின் விளைவாகவே இருக்கக்கூடும். காரணத்தையும் அடையாளத்தையும் இத்தகைய கணிப்புகள் பிரித்துக் காட்டுவதில்லை. குறைந்த உறக்கத்தின் பக்கம் சோதனைச் சான்றுகள் உள்ளன. மிகுந்த உறக்கத்தின் பக்கம் அவ்வளவு இல்லை.

இதுவரை பரம்பரையும் உறக்கமும் இரு வேறு கதைகளாகவே நடந்து வந்தன. அவை சந்தித்த இடம் எவரும் எதிர்பாராதது. 1958இல் யேல் பல்கலைக்கழகத்தின் தோல் மருத்துவர் ஆரன் லேர்னர், தோலின் நிறத்தை வெளிறச் செய்யும் பொருளொன்றைத் தேடி, மாடுகளின் கூம்புச் சுரப்பியிலிருந்து மெலட்டோனினைப் பிரித்தெடுத்தார். தோல் நோய்க்கு அதனால் பயன் விளையவில்லை. இருள் சூழும்போது சுரந்து உடலுக்கு இரவை அறிவிக்கும் ஹோர்மோன் அது என்பது பின்னர் தெரியவந்தது. அரை நூற்றாண்டின் பின், 2008 இறுதியிலும் 2009 தொடக்கத்திலுமாக வெளியான மூன்று மரபாய்வுகள், வெறுவயிற்றுச் சீனியை உயர்த்தும் ஒரு மாற்றத்தைச் சுட்டின. அந்த மாற்றம் இருந்த இடம் மெலட்டோனினை ஏற்கும் வாங்கியை உருவாக்கும் எம்டீஎன்ஆர்1பி என்ற அலகு. இன்சுலினைச் சுரக்கும் கணையக் கலங்களிலும் அவ்வாங்கி இருக்கின்றது. இரவின் ஹோர்மோன் அக்கலங்களை அடையும்போது இன்சுலின் சுரப்பு தணிகின்றது. மாற்றத்தைச் சுமந்தோரிடம் அத்தணிவு கூடுதலாக நிகழ்கின்றது. 2016இல் வெளியான சோதனையொன்றில் மூன்று மாதங்கள் இரவுதோறும் மெலட்டோனின் மாத்திரை கொடுக்கப்பட்டபோது இது நேரடியாகவே காணப்பட்டது.

இரவில் உண்ணாதிருக்கும் உடலுக்கு இது பொருத்தமான ஏற்பாடாகும். உண்ணாத வேளையில் இன்சுலின் மிகுந்தால் சீனி ஆபத்தான அளவுக்குத் தாழும். நள்ளிரவை நெருங்கி உண்ணும் உடலுக்கோ இதே ஏற்பாடு எதிராகின்றது. ஸ்பெயினின் மூர்சியா பகுதியில் 845 பேரிடம் நடத்தப்பட்டு 2022இல் வெளியான ஆய்வில், ஒவ்வொருவரும் உறங்கும் நேரத்துக்கு நான்கு மணி நேரம் முன்னர் ஒரு முறையும், ஒரு மணி நேரம் முன்னர் ஒரு முறையும் குளுக்கோஸ் பானம் அருந்தினர். பிந்திய வேளையில் மெலட்டோனின் மூன்றரை மடங்கு உயர்ந்திருந்தது. இன்சுலின் குறைந்தது, சீனி உயர்ந்தது. மாற்றத்தின் இரு பிரதிகளையும் உடையோரிடம் கேடு மிகுதியாக இருந்தது. இம்மாற்றத்தின் ஒரு பிரதி வெறுவயிற்றுச் சீனியை உயர்த்துவது ஒரு டெசிலீற்றருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கும் குறைவாகவே என்பதையும் சொல்லிவிட வேண்டும். தனியாக நோக்கின் அற்பமான அளவு. ஆயினும் பெற்றோர் தந்த அலகு இரவு நேரப் பழக்கத்தோடு எவ்வாறு உரையாடுகின்றது என்பதை இவ்வளவு துல்லியமாகக் காட்டும் வேறோர் எடுத்துக்காட்டு அரிது. பரம்பரை என்று தனியே ஒன்றும் பழக்கம் என்று தனியே ஒன்றும் இங்கு இல்லை.

நம் சமூகத்தின் இரவுகள் எவ்வாறு கழிகின்றன என்ற வினாவை இங்கு தவிர்க்க முடியவில்லை. கடையை மூடி வீடு திரும்பும் வணிகர் இரவு பத்தரைக்கோ பதினொரு மணிக்கோ உண்டு உடனே படுக்கின்றார். பஜ்ருக்கு எழுகின்றார். இடையிலுள்ள நேரத்தை விரல்விட்டு எண்ணலாம். ரமழான் இரவுகளைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. சிலர் இக்கண்டுபிடிப்புகளைக் கேட்டதும் வைகறைத் தொழுகைக்காக உறக்கத்தை இடைநிறுத்துவது உடலுக்குக் கேடாகுமோ என்று ஐயுறுகின்றனர். ரியாத் மன்னர் ஸஊத் பல்கலைக்கழகத்தின் உறக்க ஆய்வாளர் அஹ்மத் பாஹம்மாமும் அவரது குழுவினரும் இதனை ஆராய்ந்து 2012இல் வெளியிட்டுள்ளனர். தொடர்ச்சியாக உறங்கியபோதும், பஜ்ருக்கு எழுந்து தொழுது மீண்டும் உறங்கியபோதும், மொத்த உறக்க நேரம் சமமாக இருந்தவரை உறக்கத்தின் அமைப்பிலோ பகல் நேரச் சோர்விலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. 'மொத்த நேரம் சமமாக இருந்தவரை' என்ற நிபந்தனையே இங்கு முக்கியமானது. அதனை நிறைவு செய்வது பஜ்ரின் பொறுப்பன்று, இஷாவுக்குப் பின்னர் நாம் என்ன செய்கின்றோம் என்பதன் பொறுப்பாகும். மேலும், அது உறக்கத்தை அளந்த ஆய்வேயன்றி இரத்தச் சீனியை அளந்ததன்று.

2023இல் வெளியான தேசிய ஆய்வின்படி இந்தியாவில் மட்டும் பத்துக் கோடியே பத்து இலட்சம் பேருக்கு நீரிழிவு உள்ளது. அதன் வாசலில் நிற்போர் மேலும் பதின்மூன்று கோடிக்கும் அதிகம். அவர்களில் ஒருவர் வைத்தியரின் முன் அமரும்போது, பெற்றோருக்கு இந்நோய் இருந்ததா, என்ன உண்கின்றீர், நடக்கின்றீரா என்ற மூன்று கேள்விகள் தவறாமல் கேட்கப்படுகின்றன. எத்தனை மணிக்கு உண்கின்றீர், எப்போது உறங்குகின்றீர், குறட்டை உண்டா என்பவை பெரும்பாலும் கேட்கப்படுவதில்லை. கேட்கப்படாவிடில் நாமே முன்வந்து சொல்லலாம்.